சிவப்பு மை டீச்சரும் அங்கீகாரமும்

பள்ளிக்கூடத்தில் அவளுக்குச் ‘சிவப்பு மை’ என்று பெயர். பிள்ளைகள் வைத்தது. அவள் கைக்குப் போன இங்கிலீஷ் நோட்டு திரும்பி வரும்போது அம்மை போட்ட முகம்போல இருக்கும். நோட்டோடு விட்டாலாவது புண்ணியம் உண்டு. கடைப் பலகை, பஸ்ஸில் ஒட்டிய அறிவிப்பு, கல்யாணப் பத்திரிகை எதையும் அவள் கண் சும்மா தாண்டிப் போகாது. பல் டாக்டரிடம் வாயை ‘ஆ’ என்று திறந்துவைத்துக்கொண்டே, அவருடைய பெயர்ப்பலகையில் ஓர் எழுத்து குறைகிறது என்று சொன்னவள். டாக்டர் பலகையைத் திருத்தவில்லை. பல்லைத்தான் கொஞ்சம் அழுத்திப் பிடுங்கினார்.

எல்லாப் பிழையிலும் அவளுக்கு ஆகவே ஆகாத பிழை ஒன்று இருந்தது. கிளம்பும்போது நம்மவர்கள் வாய் நிறைய ‘போயிட்டு வரேன்’ என்பார்கள் அல்லவா, அதை அப்படியே தூக்கி இங்கிலீஷில் போட்டு ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என்பது. கேட்டாலே அவளுக்குப் பல் கூசும். “போறவன் போறான். அவன் திரும்பி வருவானா மாட்டானான்னு உன்னை யாரு கேட்டா?” என்று வகுப்பில் கத்துவாள். பிள்ளைகள் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு, மணி அடித்ததும் “மிஸ், ஐ வில் கோ அண்ட் கம் மிஸ்” என்று ஓடுவார்கள். இருபது வருஷமாக இதே கதை.

வீட்டில் புலி, வெளியில் எலி என்பார்கள். இவள் விஷயம் தலைகீழ். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாமல் அண்ணன் வீட்டில் இருந்தாள். இருந்தாள் என்பதைவிட வைக்கப்பட்டிருந்தாள் என்றால் இன்னும் பொருந்தும். துணி துவைக்கும் மெஷின் அவள் அறையில்தான் இருந்தது. துணி காயப்போடும் பால்கனிக்கும் அவள் அறை வழியாகத்தான் போக வேண்டும். அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் உண்டு, உள்பக்கம் கிடையாது. வீடு கட்டும்போது அது சாமான் போடுகிற அறை. சாமான் எழுந்து வந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளாது என்று கொத்தனார் நினைத்ததில் தப்பே இல்லை.

அவள் படுத்திருந்தாலும் சரி, உடை மாற்றிக்கொண்டிருந்தாலும் சரி, அண்ணி வாளியோடு உள்ளே வந்துவிடுவாள். “நான்தான், நான்தான்” என்பாள், திருடன் இல்லை என்று தெரிந்தால் போதும் என்பதுபோல. மெஷினைப் போடுவதும் நிறுத்துவதும் டீச்சரின் வேலை. பட்டன்களில் இங்கிலீஷ் இருந்ததால் அது படித்தவள் வேலை என்று அண்ணி என்றைக்கோ தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ‘ஆன்’, ‘ஆஃப்’ என்ற இரண்டு சொல்லைப் படிக்க அந்த வீட்டில் ஒரு எம்.ஏ. வேண்டியிருந்தது.

அண்ணனைப் பற்றிச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். “எனக்கு ஒரு ஆள் தெரியும்.” குழாய் ஒழுகினால் ஒரு ஆள் தெரியும். ஃபிரிட்ஜ் வாங்க ஒரு ஆள் தெரியும். குழாய் இன்னும் ஒழுகுகிறது. ஃபிரிட்ஜ், வைத்த பாலைத் தயிராக்கித் தருகிறது. தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்த காலத்திலும் அவருக்கு ஆட்களைத் தெரிந்துதான் இருந்தது. அந்த ஆட்களின் லட்சணத்தை இங்கே சொல்லி நம் வாயைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படி இருக்கும்போதுதான் கணக்கு டீச்சர் போன் செய்தாள். முன்பு அதே பள்ளியில் கணக்கு எடுத்தவள், இப்போது வெளிநாட்டில் ஒரு பள்ளியில் இருக்கிறாள்.

“இங்க இங்கிலீஷுக்கு ஆள் வேணும்னாங்க. உன்னைப் பத்திச் சொன்னேன். எங்க பிரின்சிபாலுக்குச் சம்மதம். ஆனா வெளிநாட்டுல இங்கிலீஷ் கத்துக்கொடுக்கறதுக்குன்னு தனியா ஒரு டிரெயினிங் இருக்கு. அந்த சர்டிபிகேட் வேணும். புது டெர்ம் தொடங்கறதுக்குள்ள வேணும்.”

“நான் எம்.ஏ. படிச்சவடி. இருபது வருஷ சர்வீஸ்.”

“அதெல்லாம் உன் வீட்டு சுவத்துல மாட்டிக்கோ. இங்க கேக்கறது ரெண்டே விஷயம். கோர்சுக்கு அங்கீகாரம் இருக்கணும். அதாவது நடத்தறவன் தானே தன் முதுகுல தட்டிக்கக் கூடாது, வெளியாள் வந்து சோதிச்சிருக்கணும். இன்னொண்ணு, நிஜமான மாணவங்களுக்கு நீ பாடம் எடுக்கணும், பின்னாடி ஒருத்தர் உக்காந்து பாக்கணும். இந்த ரெண்டும் இல்லாத சர்டிபிகேட்ட இங்க யாரும் கையால தொடக்கூட மாட்டாங்க.”

டீச்சர் அந்த இரண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். பிறகு, “தங்கறதுக்கு?” என்றாள்.

“குவார்ட்டர்ஸ் உண்டு. உனக்குன்னு தனி ரூம்.”

“கதவுல தாழ்ப்பாள் இருக்கா? உள்பக்கம்?”

கணக்கு டீச்சர் சிரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை. அவளுக்கு வேண்டியது வெளிநாடே இல்லை, அந்த ஒரு தாழ்ப்பாள்தான். அதற்குக் கடல் தாண்ட வேண்டும் என்றால் தாண்டிவிடுவது என்று அப்போதே முடிவு செய்தாள்.

வீட்டில் சொன்னாள். அண்ணி, “அப்ப மெஷினை யாரு போடுவா?” என்றாள். அண்ணன் சாப்பிட்ட கையோடு நிமிர்ந்தார். அவர் என்ன சொல்வார் என்று இந்நேரம் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

“எனக்கு ஒரு ஆள் தெரியும்.”

அந்த ஆளுக்கு டைரக்டர் என்று பெயர். சினிமா டைரக்டர் இல்லை. ஒரு பயிற்சி நிறுவனத்தின் டைரக்டர். அண்ணன் கொண்டுவந்து கொடுத்த அவருடைய கையேட்டை டீச்சர் சிவப்புப் பேனாவோடு வாசிக்க உட்கார்ந்தாள். பளபளவென்ற தாள். முதல் பக்கத்திலேயே ‘அனைத்துலக ஆங்கில ஆசிரியர் பேரவையின் அங்கீகாரம் பெற்றது’ என்று தங்க எழுத்து. கடைசிப் பக்கம்வரை போனாள், பேனாவுக்கு வேலையே இல்லை. ஒரு பிழை கிடையாது. முற்றுப்புள்ளிகூட இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. இருபது வருஷமாகப் பிழையிலேயே குளித்து எழுந்தவள், பிழையில்லாத தாளைப் பார்த்ததும் அப்படியே சொக்கிப்போனாள். இவ்வளவு ஒழுங்காக எழுதுகிறவன் ஒழுங்கானவனாகத்தான் இருப்பான் என்று எண்ணினாள். படித்த முட்டாளுக்கு வேறு அடையாளம் வேண்டுமா? திருடனுக்கு இலக்கணம் வராது என்று எந்த இலக்கணப் புத்தகத்தில் போட்டிருக்கிறது?

நிறுவனம் ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. மூக்குக்கண்ணாடி விற்கிற கடை. வாசலில் உட்கார்ந்திருந்த ரிசப்ஷன் பெண் சூயிங்கம்மை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, “உக்காருங்க மேடம். சாரை பாத்துட்டு, ஐ வில் கோ அண்ட் கம்” என்றாள்.

டீச்சருக்குப் பல் கூசியது. “ஐ வில் பி பேக்னு சொல்லும்மா” என்றாள்.

“ஓ! ஐ வில் பி பேக். தேங்க்ஸ் மேடம்” என்று அந்தப் பெண் மனப்பாடம் செய்துகொண்டே உள்ளே போனாள். கோபப்படவில்லை, முகம் சுளிக்கவில்லை. நல்ல பெண் என்று டீச்சருக்குத் தோன்றியது.

டைரக்டர் அந்த வேர்வையிலும் கோட்டு போட்டிருந்தார். மேசைமேல் குட்டிக் குட்டிக் கொடிகள். கோர்ஸ் ஒரு வாரம், வீட்டிலிருந்தபடியே வீடியோ பார்த்தால் போதும் என்றார்.

“மாணவங்களுக்குப் பாடம் எடுக்கற பயிற்சி உண்டா சார்?”

“அதுவும் வீடியோலயே வந்துடும் மேடம். பாடம் எடுக்கறவங்கள நீங்க பாக்கலாம்.”

நீச்சலடிக்கிறவனைக் கரையில் உட்கார்ந்து பார்த்தால் நீச்சல் வந்துவிடும் என்ற கணக்கு. டீச்சருக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்காமல் இல்லை. ஆனால் சுவரில் சட்டம்போட்டு மாட்டியிருந்த பேரவையின் அங்கீகாரப் பத்திரத்தில் ஒரு பிழையும் இல்லையே! அதில் வெளிநாட்டு போன் நம்பர் ஒன்று இருந்தது. கணக்கு டீச்சர் சொன்னது நினைவுக்கு வர, எதற்கும் இருக்கட்டும் என்று அதைக் குறித்துக்கொண்டாள்.

மறுநாள் ஓய்வு வகுப்பில், ஆசிரியர் அறையின் ஜன்னலோரம் நின்று அந்த நம்பரைப் போட்டாள். ஒரு பெண் குரல் எடுத்தது. மூக்கால் பேசுகிற இங்கிலீஷ். ‘ர’ என்ற எழுத்து வரும் இடத்திலெல்லாம் நாக்கு உள்ளே சுருண்டுகொண்டது. அனைத்துலக ஆங்கில ஆசிரியர் பேரவை, உங்களுக்கு எப்படி உதவலாம் என்று கேட்டது. டீச்சர் தன் மிகச் சிறந்த இங்கிலீஷை எடுத்துத் துடைத்து வைத்துப் பேசினாள். இந்த நிறுவனத்துக்கு நீங்கள் அங்கீகாரம் கொடுத்தது உண்மைதானா, எதைப் பார்த்துக் கொடுத்தீர்கள் என்று கேட்டாள்.

“ஒன் மினிட், மேம்” என்றது அந்தச் சீமைக் குரல். “ஐ வில் கோ அண்ட்…”

சட்டென்று நின்றது. மூச்சு ஒன்று வாங்கியது. பிறகு மூக்கும் இல்லாமல் சுருட்டலும் இல்லாமல், பரீட்சையில் விடை நினைவுக்கு வந்த குழந்தையின் சந்தோஷத்தோடு, “ஐ வில் பி பேக்!” என்றது. பின்னால் சூயிங்கம் சவைபடும் சத்தம் கேட்டது.

டீச்சர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்தாள். இருபது வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகள். சொன்ன திருத்தத்தை அடுத்த தடவையே கடைப்பிடித்த ஒரே மாணவி இவள்தான். அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. உலகத்தில் எந்த அனைத்துலகப் பேரவையிலும் யாரும் போயிட்டு வர மாட்டார்கள். நம்முடைய ஆள் ஒருத்திதான் போயிட்டு வருவாள்.

சாயங்காலம் நேராகக் கண்ணாடிக் கடை மாடிக்குப் போனாள். ரிசப்ஷன் பெண் அவளைப் பார்த்ததும் சூயிங்கம்மை விழுங்கிவிட்டாள். டீச்சர் அவளை ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் நின்றபடியே கேட்டாள்.

“பேரவைக்குத் தலைவர் யாரு சார்?”

டைரக்டர் கோட்டைச் சரிசெய்துகொண்டார். “அவர் பெரிய மனுஷர் மேடம்.”

“எங்க இருக்காரு?”

“கீழதான். கண்ணாடிக் கடை. நம்ம மச்சான்.”

வேலிக்கு ஓணான் சாட்சி என்று கேட்டிருக்கிறோம். இங்கே ஓணான் கீழ்த்தளத்தில் கடையே வைத்திருந்தது. டைரக்டருக்கு மச்சான் அங்கீகாரம் கொடுக்கிறார். மச்சானுக்கு டைரக்டர் தலைவர் பதவி கொடுக்கிறார். நடுவில் ஒரு பெண், வெளிநாட்டு நம்பருக்கு வரும் அழைப்பைத் தன் போனுக்குத் திருப்பிவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிறாள்.

டீச்சர் கிளம்பத் திரும்பியபோது டைரக்டர் நிஜமாகவே மனம் நொந்த குரலில் சொன்னார். “எதுக்கு மேடம் இவ்வளவு ஆராய்ச்சி? உங்களுக்கு இது போதும்னு உங்க அண்ணன்தானே சொன்னாரு.”

“என்ன சொன்னாரு?”

“தங்கச்சி எங்கயும் போகப்போறதில்ல, ஏதோ ஆசைப்படுது, மனசு ஆறுதலுக்கு ஒரு சர்டிபிகேட் கையில இருந்தா சரியாப் போயிடும்னு.”

படி இறங்கும்போதுதான் அவளுக்கு முழுசாக விளங்கியது. டைரக்டர் ஏமாற்றுக்காரர், அது அவர் தொழில். அண்ணன் ஏமாந்தார் என்று இவ்வளவு நேரமும் நினைத்திருந்தாள். அவர் ஏமாறவே இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குத் தெரிந்த ஆள், அவர் கேட்டதைச் சரியாகச் செய்துகொடுத்திருக்கிறார். அவளுக்கு ரோட்டிலேயே அழுகை வந்தது. கண்ணாடிக் கடையின் வாசலில் நின்று அழுதாள். உள்ளேயிருந்து பேரவைத் தலைவர், கண் பரிசோதனைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து, “உள்ள வாங்கம்மா” என்று கூப்பிட்டார்.

வீட்டில் போய்க் கேட்டபோது அண்ணன் மறுக்கவில்லை. “நல்லதுக்குத்தான் சொன்னேன். தனியா ஒரு பொம்பள, தெரியாத ஊரு. நீ போயிட்டா இந்த வீடு என்ன ஆகும்னு யோசிச்சியா?” என்றார். அண்ணி வாளியோடு தலையாட்டினாள். வீடு என்றால் என்ன என்று அந்த வாளியைப் பார்த்தால் தெரிந்தது.

அதற்குப் பிறகு டீச்சர் யாரிடமும் ஆள் கேட்கவில்லை. தானே ஒவ்வொரு நிறுவனமாகப் போன் செய்தாள். இரண்டே கேள்வி. உங்களை யார் சோதித்தது? நான் யாருக்குப் பாடம் எடுப்பேன், யார் பார்ப்பார்கள்? ஒருவன், சோதித்தது கடவுள் என்றான். ஒருத்தி, பாடம் எடுக்க வேண்டியதில்லை, அதுதான் எங்கள் சிறப்பு என்றாள். இன்னோர் இடத்தில், இன்றே சேர்ந்தால் இன்னொரு சர்டிபிகேட் இலவசம் என்றார்கள், சோப்பு வாங்கினால் சீப்பு மாதிரி. எல்லோரும் தேனாகப் பேசினார்கள். எல்லோருக்கும் அவள் உடனே வேண்டியிருந்தது.

கடைசியில் ஓர் இடத்தில்தான் கடுகடுவென்று ஒரு பெண் பேசினாள். “எங்கள வருஷா வருஷம் வந்து சோதிக்கறவங்க பேரு, நம்பர் ரெண்டும் தரேன். நீங்களே அவங்ககிட்ட கேட்டுக்கோங்க. உங்க வேலைக்கு இந்த சர்டிபிகேட் செல்லுமான்னு அந்தப் பள்ளிக்கூடத்துலயும் கேட்டுட்டு வாங்க. முதல்ல இன்டர்வியூ இருக்கு. வர்ற எல்லாரையும் நாங்க எடுக்கறதில்ல.”

எடுக்கறதில்ல என்ற சொல்லைக் கேட்டதும் டீச்சருக்கு நிம்மதியாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவன் வேண்டும் என்று சொன்னால்தானே அதற்கு மதிப்பு! சோதிக்கிறவர்களிடம் கேட்டாள், அவர்கள் வேறு நாட்டில் நிஜமாகவே இருந்தார்கள், யாரும் போயிட்டு வரவில்லை. கணக்கு டீச்சரும் பிரின்சிபாலிடம் கேட்டுச் சொன்னாள், செல்லும் என்று. பள்ளி லீவில் போய்ச் சேர்ந்தாள்.

அங்கே போய் முதல் பாடத்திலேயே மண்ணைக் கவ்வினாள். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், மற்றவர்களை மட்டும் கிழித்துவிட்டு இவளை விட்டால் நியாயமில்லை. மாணவர்கள் வேறு வேறு நாட்டிலிருந்து துறைமுகத்துக்கும் ஓட்டல் சமையலறைக்கும் வேலைக்கு வந்தவர்கள். ஒருவருக்கும் தமிழ் தெரியாது. இருபது வருஷமாகத் தமிழில் விளக்கித்தான் இங்கிலீஷ் நடத்தியிருக்கிறாள் என்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. அந்த ஊன்றுகோல் போனதும், தனக்குத் தெரிந்த இலக்கணத்தையெல்லாம் இங்கிலீஷிலேயே கொட்டினாள். ஒரு சமையல்காரர் தூங்கிவிட்டார். துறைமுகத்துக்காரர் ஒருவர் தைரியமாக ஒரு வாக்கியம் சொன்னார். அதில் மூன்று பிழை. மூன்றையும் அந்த இடத்திலேயே பிடித்துக் காட்டினாள். அவர் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை.

பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவள் போனில் கடுகடுவென்று பேசிய அந்தப் பெண்தான், அங்கே பயிற்சி கொடுப்பவள். டீச்சரைவிட வயதில் ரொம்பச் சின்னவள்.

“உங்க வகுப்புல பிழையே இல்ல மேடம்” என்றாள்.

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“உங்களத் தவிர வேற யாராவது பேசினாத்தானே பிழை வரும்.”

தன் முதுகு தனக்குத் தெரியாது. தெரியவைக்கத்தான் பின்பெஞ்சில் ஒருவரை உட்காரவைக்கிறார்கள் போலிருக்கிறது. அன்று டீச்சருக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் மறுபடி அந்த வகுப்புக்குப் போனபோது சிவப்புப் பேனாவைப் பையிலேயே விட்டுவிட்டுப் போனாள். துறைமுகத்துக்காரர் தப்பும் தவறுமாக ஒரு முழுக் கதை சொன்னார், கப்பலில் வந்த பூனை பற்றி. பற்களைக் கடித்துக்கொண்டு கேட்டாள். எல்லோரும் சிரித்தபோதுதான், தானும் சிரித்திருப்பதைக் கவனித்தாள். முதல் தரத்திலெல்லாம் அவள் பாஸ் ஆகவில்லை. சுமாராகத்தான். ஆனால் அந்தச் சுமாரை வெளியாள் ஒருவர் பார்த்துச் சுமார் என்று சொல்லியிருந்தார். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

கிளம்புகிற நாள் வந்தது. ஏர்போர்ட்டுக்கு டாக்ஸிக்கு எனக்கு ஒரு ஆள் தெரியும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். அந்த ஆள் வரவில்லை. அவள் தானே பேசிவைத்த டாக்ஸி வாசலில் வந்து நின்றது. அண்ணன் ஹாலில் நின்றார். என்ன செய்வது என்று தெரியாத முகம். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் பாவம் பார்த்துப் பார்த்துத்தான் அவள் மெஷினுக்குப் பக்கத்தில் இத்தனை வருஷம் படுத்திருந்தாள்.

அப்போது உள்ளே மெஷின் வேலையை முடித்துவிட்டுக் கூவ ஆரம்பித்தது. அண்ணி பழக்கத்தில், “அதைக் கொஞ்சம் நிறுத்திட்டுப் போயேன்” என்றாள்.

“பட்டன் மேல ‘நிறுத்து’ன்னு தமிழ்லயே எழுதி ஒட்டியிருக்கேன் அண்ணி.”

மெஷின் கூவிக்கொண்டே இருந்தது. யாரும் அசையவில்லை. டீச்சர் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

“போறேண்ணா” என்றாள்.

அண்ணன் பதறிவிட்டார். “போறேன்னு சொல்லாதம்மா. போயிட்டு வரேன்னு சொல்லு.”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள்.

“இல்லண்ணா. சரியாத்தான் சொன்னேன்.”